காந்தலூர்ப் பூண்டும் மறையூர் வெல்லமும்: ஊர்ப் பெயர் ஏடேறிய வரலாறு

தமிழ் வரலாறு பயின்றோர்க்குக் காந்தளூர் என்னும் பெயர் புதிதன்று. முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டுகளில் காந்தளூர்ச்சாலை பலகாலும் பேசப்படுகின்றது. அச்சாலை இருந்த இடம் திருவனந்தபுரத்து வலியசாலைப் பகுதியே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை. நாம் இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட காந்தலூர் அதுவன்று. இது கேரள நாட்டு இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தில், ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அமைந்த மலையூர். எழுத்தில் ளகரமும் லகரமும் வேறுபட்டாலும் கேட்பவர் செவிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலால் இம்மலையூருக்குச் செல்வோருள் சிலர் சோழர் காலத்துச் சாலையை அங்கே தேடுவதும் உண்டு.

ஊர்ப் பெயரில் நேரும் இம்மயக்கத்தால் எவர்க்கும் இழப்பில்லை. ஆனால், ஊரின் பெயரைத் தாங்கிச் சந்தைக்கு வரும் பொருளில் இதே மயக்கம் நேருமாயின், உழவன் வயிற்றில் அடி விழுகின்றது. ஒரே பெயருடன் இரண்டு பொருள்கள் கடையில் இருக்கின்றன. ஒன்று மெய், மற்றொன்று போலி. வாங்குவோன் இவற்றை எங்ஙனம் பிரித்தறிவான்? விளைத்தவன் எந்த மன்றில் முறையிடுவான்? இவ்வினாக்களுக்குக் காந்தலூரும் அதன் பக்கத்து ஊரான மறையூரும் கண்ட விடையே நாம் கூறப்புகும் வரலாறு.

அஞ்சுநாடு

மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என வழங்குவர். மதுரைச் சீமையினின்று மலையேறி வந்த குடிகள் இவ்வூர்களை அமைத்தனர் என்பது அங்கு வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர்தம் தாய்மொழி தமிழே. அவர்களுக்கும் முன்னிருந்தே அம்மலைகளில் வாழ்ந்த மாந்தரை நினைவூட்டும் கற்பதுக்கைகள் மறையூரில் இன்றும் உள்ளன. முதுவர் முதலிய பழங்குடி மக்கள் சூழ்ந்த காடுகளில் வாழ்கின்றனர். மறையூர்ச் சந்தனக் காடோ நாடறிந்தது.

கேரளத்து ஆறுகளிற் பெரும்பாலானவை மேற்கு நோக்கி ஓடிக் கடலிற் கலப்பவை. கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றே. அவற்றுள் ஒன்றாகிய பாம்பாறு இவ்வஞ்சுநாட்டின் வழியே இறங்கி, அமராவதியோடு கூடிக் காவிரியைச் சேர்கின்றது. ஆறு சென்ற திசையிலேயே ஊராரின் வாணிபமும் சென்றது. சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்குவதே அவர்கட்கு இயல்பான வழி. பூண்டு மூட்டைகள் மேட்டுப்பாளையத்திற்கும், பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கும் சென்று விலையாயின.

அரசியல் எல்லையோ வேறு திசையிற் சென்றது. இந்நிலம் திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தில் அமைந்தது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் எனத் திருவிதாங்கூர்த் தமிழர் கிளர்ச்சி செய்ததை மூத்த அன்பர்கள் அறிவர். எனினும் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரளம் பிறந்தபோது இப்பகுதி கேரளத்திலேயே நின்றது. 1972-இல் இடுக்கி மாவட்டம் அமைந்தது. விளைவது ஓர் இராச்சியத்திலும் விலையாவது மற்றோர் இராச்சியத்திலும் என ஆயிற்று. பொருளின் பெயர் வழியில் தொலைந்துபோவதற்கு இதனினும் ஏற்ற சூழ்நிலை வேறு வேண்டுவதில்லை.

பொருள்மேற் பெயர் எழுதிய பண்டையோர்

பொருள்மீது பெயர் பொறிக்கும் வழக்கம் நமக்கு மேனாட்டார் கற்றுக்கொடுத்ததன்று. கொடுமணலிலும் கீழடியிலும் அகழ்ந்தெடுத்த பானையோடுகளில் தமிழ் எழுத்தாற் கீறிய ஆட்பெயர்களைக் காண்கிறோம். இடைக்காலத்தில் ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுக்கள் தோன்றின. கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு கி. பி. 849-இல் அளிக்கப்பட்ட செப்பேடுகளில் அஞ்சுவண்ணத்தார்க்கும் மணிக்கிராமத்தார்க்கும் உரிய வாணிப உரிமைகள் எழுதிவைக்கப்பட்டுள்ளன. தனி வணிகன் ஒருவன் பெறவியலாத உரிமையை ஒரு குழு பெற்றது. பெற்றதை வாய்ச்சொல்லோடு விடாது செம்பில் வெட்டுவித்தது. இவ்விரண்டையும் அன்பர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னால் வந்த சட்டங்களெல்லாம் கேட்பதும் இவ்விரண்டையே: குழுவாகக் கூடுக, கூடியபின் எழுதிப் பதிக.

நாம் இருபதாண்டுகட்கு மேலாக இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிந்து வருகின்றோம். பார்சல் அலுவலகத்தில் முதற்கண் கற்கும் பாடம் ஒன்றுண்டு. மூட்டைக்குள் பட்டே இருப்பினும், அனுப்புவோர் பெயரும் பெறுவோர் பெயரும் அதன்மேல் இல்லையேல், அது உரிமை கோருவாரற்ற மூட்டைகளோடு ஒரு மூலையிற் கிடக்கும். பின்னர் ஒருவர் வந்து, “இஃது எமது” என நூறு முறை சொன்னாலும் பயனில்லை. அவர் கையில் ரசீது வேண்டும். ரசீதில் உள்ள குறி மூட்டையின்மேலும் இருத்தல் வேண்டும். அறிவுசார் சொத்துரிமை என இந்நாளிற் பேசப்படும் பெரிய பொருளின் சுருக்கம் இதுவே எனலாம்.

சட்டம் வந்த வழி

பிரிட்டிஷ் ஆட்சியில் 1889-ஆம் ஆண்டு சரக்குக் குறிகள் பற்றிய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பொருளின் அளவு, தன்மை, செய்யப்பட்ட இடம் முதலியவற்றைப் பொய்யாகக் குறித்து விற்றலை அது குற்றமாக்கிற்று. ஆனால், ‘இக்குறி இன்னாருடையது’ என முன்கூட்டியே எழுதிவைக்கும் ஏடு அப்போது இல்லை. வணிகச் சின்னங்களைப் பதிவு செய்யும் முறை 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான் வந்தது. விடுதலைக்குப்பின் 1958-இல் இவ்விரண்டையும் ஒருங்கிணைத்துப் புதிய சட்டம் செய்தனர். அதன் இடத்தில் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் இன்று நடைமுறையில் உள்ளது.

இவையெல்லாம் ஒரு கடைக்கோ, ஒரு தொழிற்சாலைக்கோ உரிய சின்னத்தைக் காப்பதற்கு ஏற்றவை. ஊரின் பெயரைக் காப்பதற்கு இவை போதா. ஊர்ப் பெயரை ஒரு வணிகனுக்கு மட்டும் உரிமையாக்கினால், அதே ஊரில் அதே பொருளைச் செய்யும் ஏனையோர் என்ன செய்வர்? எனவே, வெறும் ஊர்ப் பெயரைத் தனியொருவர் சின்னமாகப் பதியச் சட்டம் எளிதில் இடங்கொடாது. அது நியாயமே. ஆனால் அதன் விளைவாக ஊர்ப் பெயர் எவர்க்கும் உரியதன்றிப் பொதுவில் நின்றது. பொதுவில் நின்றதைப் போலிகள் எடுத்துக்கொண்டனர்.

மேனாடுகள் இத்துன்பத்தை முன்னரே உணர்ந்தன. போர்ச்சுகல் நாட்டில் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சை மதுவுக்குப் போலிகள் பெருகவே, 1756-இல் அரசு அந்நிலத்தை வரையறுத்து எல்லைக் கற்கள் நாட்டுவித்தது. நம் நாடு விழித்துக்கொண்டது இருபதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலே. 1995-இல் அமெரிக்க அரசு மஞ்சளின் புண்ணாற்றும் பயனுக்கு ஒரு காப்புரிமை வழங்கிற்று. நம் பாட்டிமார் அறிந்த மருந்து வேற்று நாட்டில் புதுக் கண்டுபிடிப்பாயிற்று! நமது அறிவியல் தொழிலாராய்ச்சிக் கழகம் அதனை எதிர்த்து, பழைய நூற்சான்றுகளையும் 1953-இல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்றையும் எடுத்துக்காட்டியபின், 1997-இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. பாட்டிமாரின் கைப்பக்குவம் அங்கே சான்றாகவில்லை, எழுத்திலிருந்ததே சான்றாயிற்று. அதே 1997-இல் டெக்சாஸ் மாநிலத்துக் கம்பெனி ஒன்று பாசுமதி அரிசி வகைகட்குக் காப்புரிமை பெற்றது. இந்தியா எதிர்த்தபின் அதன் கோரிக்கைகளுட் பெரும்பாலானவை விலக்கப்பட்டன.

இதற்கிடையே 1995-இல் உலக வணிக அமைப்புத் தோன்றியது. அதன் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையில் கூர்ந்து நோக்கத்தக்க விதி ஒன்று உண்டு. பிறந்த நாட்டிலேயே காப்புப் பெறாத ஊர்க்குறியைப் பிற நாடுகள் காக்கக் கடமைப்பட்டவை அல்ல என்பதே அது. வீட்டில் பெயரிடாத பிள்ளையை ஊரார் பெயர் சொல்லி அழைப்பரோ? ஆகவே பாராளுமன்றம் 1999-இல் புவிசார் குறியீடுகள் சட்டத்தை இயற்றியது. அது 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா முழுமைக்குமான பதிவகம் நம் சென்னை மாநகரில் கிண்டியில் அமைந்தது தமிழர்க்குப் பெருமை. முதலில் ஏடேறியது டார்ஜிலிங் தேயிலை. தொடக்க ஆண்டுகளிலேயே ஆரன்முளைக் கண்ணாடியும் காஞ்சிபுரம் பட்டும் இடம்பெற்றன.

கூட்டமும் பதிவும்

இச்சட்டத்தின்படி தனியொரு உழவனோ வணிகனோ ஊர்ப் பெயருக்கு விண்ணப்பம் செய்ய இயலாது. விளைப்போர் சங்கமாகவோ, சட்டப்படி அமைந்த நிறுவனமாகவோ இருந்து, அப்பொருளை ஆக்குவோர் நலனுக்கு நிற்பவரே விண்ணப்பிக்கலாம். ஆதலின் குறியைப் பதிவதற்குமுன் கூட்டத்தைப் பதிய வேண்டும் என்பது பெறப்படும்.

இவ்வுண்மையை விளக்க அகத்தியமலைக் காணிக்காரரின் வரலாற்றைக் கூறுவோம். 1987-இல் திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சியாளர் சிலர் காணி இளைஞரை வழிகாட்டிகளாகக் கொண்டு மலையேறினர். இளைஞர்கள் களைப்பின்றி நடப்பதைக் கண்டு வினவியபோது, அவர்கள் உண்டு வந்த ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் காய் பற்றி அறிந்தனர். அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவாயிற்று. 1995-இல் அதனைச் செய்யும் உரிமை கோயமுத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு அளிக்கப்பட்டது. வந்த தொகையிற் பாதி காணிக்காரர்க்கு உரியது என முடிவாயிற்று. ஆனால் பணத்தை யாரிடம் கொடுப்பது? காணிக்காரர் குடிகள் பலவாகப் பிரிந்து வாழ்பவர். அவர்கட்கெனப் பதிவுற்ற அமைப்பு ஏதும் இல்லை. 1997-இல் ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்ட பின்னரே அவர்க்குரிய பங்கு 1999-இல் கைக்கு வந்தது. அறிவு பன்னெடுங்காலமாக அவர்களிடம் இருந்தது. அதன் பயனைப் பெறும் கை மட்டும் இல்லாதிருந்தது. பதிவு அக்கையைத் தந்தது.

உழவர் கூடுவதற்கு வழிகள் பல உள. சங்கமாகப் பதியலாம், இடுக்கி போன்ற பழைய திருவிதாங்கூர்ப் பகுதிகளில் 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கச் சட்டம் இதற்கு உதவுகின்றது. தமிழகத்தில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. கூட்டுறவுச் சங்கம் அமைக்கலாம். கம்பெனிச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தத்தால், பத்து உற்பத்தியாளர் சேர்ந்தாலே உற்பத்தியாளர் கம்பெனி ஒன்று தொடங்கலாம் என்றும் ஆயிற்று.

மறையூர் வெல்லம்

காந்தலூருக்குக் கீழே, சற்றுத் தாழ்ந்த மறையூர்ப் பள்ளத்தாக்கில் கரும்பு செழித்து வளர்கின்றது. வயலருகேயுள்ள ஆலைக் கொட்டகையில் சாறு பிழிந்து, பெரிய கொப்பரையிற் காய்ச்சி, அழுக்கு நீக்கிப் பாகு பதம் வந்ததும் மரத்தொட்டியிலே கொட்டி ஆற்றுவர். இளஞ்சூட்டிலேயே கையால் அள்ளி உருண்டை பிடிப்பர். பிடித்தவர் விரற்பதிவு உருண்டையின்மீது தெரியும். நிறம் கருஞ்சிவப்பு, உப்புச்சுவை குறைவு, இரும்புச் சத்து மிகுதி. இயற்கையே அதன்மேல் ஒரு முத்திரை இட்டது போலும்! எனினும், கைரேகையைக் கண்டு வெல்லம் வாங்குவார் யார்?

புகழ் வளரவே போலியும் வளர்ந்தது. மலையடிவாரத்துச் சமவெளியில் காய்ச்சிய மலிவு வெல்லம் ‘மறையூர்ச் சர்க்கரை’ என்னும் பெயரோடு கேரளத்துக் கடைகளுக்கு வந்தது. மறையூருக்குள்ளேயே வந்து, சுற்றுலா வருவோர்க்கு அவ்வூர்ச் சரக்காகவே விற்பனையாயிற்று. அச்சரக்கு வந்தது தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து என்பதை நாம் மறைக்கலாகாது. கொட்டகையில் விறகும் கூலியும் இட்டு நாள் முழுதும் காய்ச்சும் உழவன் போலியின் விலைக்குத் தன் சரக்கை இறக்க நேர்ந்தது. கட்டுபடியாகாமற் கரும்பை விட்டு வேறு பயிர்க்கு மாறியோரும் உண்டு.

இந்நிலையில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவினர் துணைநின்றனர். உழவர் சங்கங்கள் ஒன்றுபட்டன. வெல்லத்தின் தன்மை ஆய்வுகூடத்திற் சோதிக்கப்பட்டது, செய்முறை எழுதப்பட்டது, எல்லை வரையப்பட்டது. 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மறையூர் வெல்லம் புவிசார் குறியீட்டு ஏட்டில் ஏறிற்று. மறையூர், காந்தலூர் ஆகிய இரு ஊராட்சிகளும் அதன் நிலவெல்லை. காந்தலூர் உழவன் ஒருவன் முறைப்படி காய்ச்சிய வெல்லத்தையும் மறையூர் வெல்லம் என்றே அழைக்க உரிமையுண்டு. முதுவர் குடியினர் காய்ச்சுவதும் அவ்வாறே. பெயர் ஓர் ஊருடையது; உரிமை அந்நிலத்து உழைப்பாளர் அனைவருடையது.

காந்தலூர்ப் பூண்டு

காந்தலூரின் தனிப்புகழ் அதன் பூண்டினாலாயது. குளிர்ந்த மலைச்சரிவுகளில் படிப்படியாக அமைத்த நிலங்களில் இப்பூண்டு விளைகின்றது. பல் சிறிது, மணமும் காரமும் பெரிது, நெடுநாள் வைத்திருந்தாலும் கெடாது. இங்கு விளைந்தது வடுகபட்டிக்கோ மேட்டுப்பாளையத்திற்கோ சென்றதும், வேறு மலைகளினின்றும் வடநாட்டினின்றும் வந்த பூண்டோடு குவியலிற் சேர்ந்தது. மலையேறிய விலை சாக்கு மாறியவுடன் மறைந்தது. காந்தலூரின் பெயர் சந்தை வாயிலோடு நின்றுவிட்டது.

இதற்கு நேர் கிழக்கே, மலைத்தொடரின் மறுபுறம், கொடைக்கானல் உள்ளது. அங்கும் பூண்டு, அங்கும் தமிழ் உழவர். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் தமிழகத்தின் சார்பில் குறியீடு பெற்றது. அதே ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தமும் பெற்றது. காந்தலூரும் அதன் தோழமை ஊரான வட்டவடையும் தளரவில்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துணையோடு ‘காந்தலூர்-வட்டவடைப் பூண்டு’ 2022-ஆம் ஆண்டு இறுதியில் ஏடேறியது. அட்டப்பாடி ஆட்டுக்கொம்பவரை, அட்டப்பாடித் துவரை, ஓணாட்டுக்கரை எள், கொடுங்கல்லூர்ப் பொட்டுவெள்ளரி என்பன அதனோடு உடன் ஏறியவை.

ஒரு மலையின் இருபுறமும் இரண்டு பூண்டுகள், இரண்டு பதிவுகள். இதனை அண்டை வீட்டார் சண்டையாகக் கருதுதல் தவறு. ஒன்றன் பெயர் மற்றொன்றை விழுங்காமற் காப்பதே பதிவின் பயன். ஒலியால் ஒத்த பெயர்களையும்கூடத் தக்க வேறுபாடு காட்டித் தனித்தனியே பதியலாம் எனச் சட்டமே கூறுகின்றது. நாம் முதலிற் கூறிய இரு காந்தளூர்களை நினைத்தால் அவ்விதியின் நுட்பம் விளங்கும்.

ஏடு செய்வதும் செய்யாததும்

பதிவுக்கு விண்ணப்பம் வந்ததும் பதிவகம் அறிஞர் குழுவைக் கொண்டு ஆராய்கின்றது. பின்னர் அதனை இதழில் வெளியிடுகின்றது. மறுப்புடையோர் மூன்று மாதத்திற்குள், மேலும் ஒரு மாதத் தவணை பெற்று, எதிர்க்கலாம். மறுப்பின்றேல் பதிவு உறுதியாகும். பத்தாண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்தல் வேண்டும். ஏனைய சொத்துகளைப் போல இதனை விற்கவோ, அடகு வைக்கவோ, பிறர்க்கு மாற்றவோ இயலாது. செல்வர் ஒருவர் வந்து ஊர்ப் பெயரை விலைபேசிக் கொண்டுபோகாதபடி சட்டம் கதவை அடைத்திருக்கிறது. பொய்க்குறி இட்டு விற்றமை மெய்ப்பிக்கப்படின், ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இவ்வளவும் இருந்தும் போலி ஒழியவில்லை. காரணம் யாது? ஏட்டிற்கு இரண்டு பகுதிகள் உள. முதற்பகுதியில் பொருளின் பெயரும் சங்கத்தின் பெயரும் இருக்கும். இரண்டாம் பகுதியில் அக்குறியைப் பயன்படுத்த உரிமை பெற்ற உழவர் பெயர்கள் இருக்கும். சங்கம் முதற்பகுதியில் ஏறிய நாளில் மாலையும் மேளமும் முழங்குகின்றன. ஆனால் உழவன் ஒவ்வொருவனும் இரண்டாம் பகுதியில் தன் பெயரைப் பதிவு செய்துகொண்டாலன்றி, தன் மூட்டையின்மேல் அக்குறியை இட அவனுக்கு உரிமை தோன்றாது. அவன் மெய்யான வெல்லமும் குறியின்றிச் சந்தைக்குப் போகின்றது. போலியும் குறியின்றிப் போகின்றது. இரண்டுக்கும் வேற்றுமை காண்பது எங்ஙனம்? இவ்விரண்டாம் பதிவுக்கான கட்டணம் 2020-ஆம் ஆண்டு விதித் திருத்தத்தால் 500 ரூபாயினின்று 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ஆகவே செலவு தடையன்று. படிவம் நிரப்பத் தெரியாமையும், ‘நமக்கு எதற்கு இது’ என்னும் சோர்வுமே தடைகள்.

பிறிதொரு குறையையும் சொல்லுதல் வேண்டும். நிலம் குத்தகைக்கு எடுத்து உழுபவர், காட்டோரத்தில் வாழும் பழங்குடியினர் ஆகியோரின் பெயர்களைச் சங்கங்கள் தேடிச் சென்று சேர்க்காவிடின், ஊர்ப் பெயர் ஊரில் நாலு பேர் உடைமையாகிவிடும். போலியை விலக்க எழுந்த வேலி, வீட்டாரையே வெளியில் நிறுத்தலாமோ?

நமக்குரிய கடமை

நம் சங்கத்து அன்பர்களுள் பலர் பிறந்த மண்ணை விட்டு வந்து சிறுதொழில் நடத்துபவர். அவர்கள் பொருட்டு இரண்டொரு சொற்கள் கூறுதல் தகும். கூட்டு வணிகம் செய்வோர் 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதனைப் பதிந்துகொள்ளுதல் நலம். பதியாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தப்படி தனக்கு வரவேண்டிய பாக்கிக்கு வழக்கிடப் பெரும்பாலும் இயலாது. சிறுதொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவு 2020 முதல் கட்டணமின்றியே கிடைக்கின்றது. ஆனால் நிறுவனத்தைப் பதிந்ததனால் அதன் பெயரும் சின்னமும் காப்புப் பெற்றுவிட்டன எனக் கருதல் கூடாது; வணிகச் சின்னத்தைத் தனியே பதிதல் வேண்டும். தனியாரும் சிறு நிறுவனத்தாரும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் செலுத்திக் கணினி வாயிலாக விண்ணப்பிக்கலாம் என 2017-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. பிறர் பெயரை ஒட்டிப் பிழைப்பதினும் இது மலிவு.

இனி, எல்லைக்கு அப்பாலிருந்து போலி அனுப்புவோர்க்கு ஒரு சொல். அவர்களும் நம்மவரே; ஏமாறுவோரும் நம்மவரே. “வெல்லம் எல்லாம் ஒன்றுதானே!” என்பர். ஒன்றுதான் எனின், உடுமலைச் சீமையின் வெல்லத்தை உடுமலையின் பெயராலேயே விற்கலாமன்றோ? அமராவதிப் பாசனத்துக் கரும்புக்கு இனிமை இல்லையா? பிறர் பெயரில் விற்கும் ஒவ்வோர் உருண்டையாலும் மறையூரான் ஒரு முறை இழக்கின்றான். விற்பவனோ தன் ஊரின் பெயரை உலகறியச் செய்யும் வாய்ப்பை ஒவ்வொரு முறையும் இழக்கின்றான். நூறாண்டு விற்றாலும் அவன் ஊருக்குப் பெயர் வராது. பழனியை அடுத்த விருப்பாட்சி மலைவாழையும், திண்டுக்கல்லை அடுத்த சிறுமலை வாழையும் தத்தம் பெயராலேயே ஏடேறி நிற்கின்றன. அவ்வழி எவர்க்கும் திறந்தேயிருக்கின்றது.

இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்கள் செய்யத்தக்கவை எளியவை. மறையூர் வெல்லமோ காந்தலூர்ப் பூண்டோ வாங்கும்போது புவிசார் குறியீட்டு முத்திரையும், விளைத்தவர் அல்லது சங்கத்தின் பெயரும் உள்ளனவா எனக் கேளுங்கள். கேட்பார் பெருகினால் கடைக்காரர் தாமே தேடிக் கொணர்வர். அஞ்சுநாட்டில் உற்றார் உறவினர் உடையோர், அவர்தம் பெயர் ஏட்டின் இரண்டாம் பகுதியில் உள்ளதா என வினவி, இல்லையேல் அடுத்த முறை ஊர் செல்லுங்கால் அருகிருந்து அப்படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த நாம் அம்மலை உழவர்க்குச் செய்யக்கூடிய உதவி அது. பத்து ரூபாயும் ஒரு பிற்பகலும் போதும்.